எரிமலைக் குழம்புக் குகையில் குடும்பத்தோடு

குகை என்றதும் பலருக்கு ஆந்திரத்துப் போரா குகை போன்ற சுண்ணாம்புக்கற் குகைகளே நினைவுக்கு வரும். மழைநீர் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்து, நெடுங்காலத்தில் அவற்றை உண்டாக்குகிறது. எரிமலைக் குழம்புக் குகை பிறக்கும் விதம் வேறு. சரிவில் ஆறுபோல் ஓடும் குழம்பின் மேற்பரப்பு காற்றுப்பட்டுக் குளிர்ந்து ஓடாக இறுகுகிறது. அவ்வோடு கம்பளிபோல் வெப்பத்தைக் காப்பதால், உள்ளிருக்கும் குழம்பு உறையாது ஓடிக்கொண்டிருக்கிறது. ஊற்று நின்றதும் குழம்பு வடிந்துவிட, சுவரும் கூரையும் சுரங்கமாக எஞ்சுகின்றன. ஆடை படிந்த பால் அடியில் சூடாகவே இருப்பதை ஆசிரியர் இதற்கு உவமையாகக் காட்டலாம். உவமை முழுதும் பொருந்தாதெனினும் சிறுவர்க்கு விளங்கும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துச் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் தென்சரிவில் உள்ள ஏப் குகை இவ்வகையினது. அம்மலை பெரும்பாலும் கெட்டியான குழம்பையே கக்குவது. சுமார் 2,000 ஆண்டுகட்கு முன், எளிதில் ஓடும் பாஸால்ட் குழம்பு வெளிப்பட்ட அபூர்வச் சமயத்தில் இக்குகை அமைந்தது. இதன் நீளம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். 1980-இல் மலை வடபுறமாக வெடித்துச் சிதறியதால் தென்புறத்துக் குகை தப்பியது. ஏப் என்னும் பெயர் கேட்டு வாலில்லாக் குரங்கைத் தேடுவோர் ஏமாறுவர். அது ஓர் உள்ளூர்க் குழுவின் பெயரை ஒட்டியது.

நுழைவாயிலிலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. மேற்பகுதியில் இடிந்த பாறைக் குவியல்களையும், குழம்பு அருவியாய் விழுந்து உறைந்த சுமார் இரண்டரை மீட்டர்ச் செங்குத்தையும் ஏறிக் கடக்க வேண்டும். குழந்தைகளுடன் வருவோர்க்கு ஏற்றது கீழ்ப்பகுதியே. அது சுமார் 1.2 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை. ஆயினும் அதற்கு மறுவாயில் இல்லை. வந்த வழியே திரும்ப வேண்டும். போகும்போதே விளக்கின் பாதிக்குமேல் செலவழித்துவிட்ட குடும்பம் இருளில் திகைத்து நிற்க நேரிடும். ஆகவே ஒவ்வொருவரும் இரண்டு விளக்குகள் கொணர்தல் வேண்டும்; கைப்பேசி வெளிச்சத்தை இவற்றுள் ஒன்றாகக் கணக்கிடலாகாது. கோடையிலும் உள்ளே வெப்பம் 6 டிகிரி சென்டிகிரேடு அளவே இருப்பதால் கம்பளி ஆடை அவசியம். பெரியவர் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக, சிறுவர் நடுவில் செல்லுதல் நன்று. திரும்பும் நேரத்தை வெளியில் ஒருவரிடம் சொல்லி வைக்க வேண்டும்.

உள்ளே காண வேண்டியவை பல. சுவரில் படுக்கையாக ஓடும் வரைகள், குழம்பு படிப்படியாக வடிந்த மட்டங்களைக் குறிக்கின்றன. ஓரிடத்தில், குழம்பில் மிதந்து வந்த பெரும் பாறையுருண்டை இடுக்கிற் சிக்கித் தலைக்குமேல் நிற்கிறது. குழம்பாறு ஒரு காலத்தில் அவ்வுயரத்தில் ஓடிற்று என்பதற்கு அதுவே சான்று. சுவரிலுள்ள வழுவழுப்பான படலம் நுண்ணுயிர்களால் ஆனது, தொட்டால் சிதையும். சிறுவர் கை தானே நீளும் இடம் இது. முன்கூட்டியே எச்சரித்தல் நலம்.

வட அமெரிக்க வௌவால்களைப் பெருவாரியாகக் கொன்ற வெண்மூக்கு நோயின் பூஞ்சணம் காலணியிலும் உடையிலும் ஒட்டிப் பரவக்கூடியது. வாஷிங்டனில் அந்நோய் 2016-இல் கண்டறியப்பட்டது. எனவே வேறொரு குகையில் அணிந்த காலணியைத் தூய்மை செய்யாமல் இங்கு அணிந்து வரலாகாது.