கொள்ளுப்பாட்டியின் கொண்டை

எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டப்பட்டிருந்தது. பாட்டியின் தாயார், அதாவது என் கொள்ளுப்பாட்டி, சற்றே பக்கவாட்டில் திரும்பி அமர்ந்திருக்கும் படம் அது. ஜோர்ஜ்டவுனில் இருந்த ஒரு புகைப்பட நிலையத்தில் எடுத்தது. அவருக்கென்று இருந்த ஒரே படமும் அதுதான். சென்ற மழைக்காலத்தில் சுவரில் ஈரம் இறங்கியது. படத்தைக் கழற்றிப் பார்த்தபோது முகம் தப்பியிருந்தது. ஆனால், தலைமுடியின் பெரும்பகுதியைப் பழுப்புக் கறை மறைத்துவிட்டது.

“இதைக் கணினியில் சரிசெய்ய முடியுமா கண்ணு?” என்று பாட்டி கேட்டார். அவருக்கு வயது 84. கொள்ளுப்பாட்டியை நேரில் கண்டவர் எங்கள் குடும்பத்தில் இன்று அவர் ஒருவர்தான்.

“முடியும் பாட்டி” என்று சட்டெனச் சொல்லிவிட்டேன்.

படத்தை வருடியின் துணையோடு கணினியில் ஏற்றினேன். மூலப்படத்தைத் தனிக்கோப்பாகச் சேமித்துவிட்டு, நகலில் வேலையைத் தொடங்கினேன். முதலில் கறைகளையும் கீறல்களையும் அழித்தேன். பிறகு, மிக மெல்லிய தூரிகையைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொரு முடியாக வரைந்தேன். இரண்டு மணி நேரம் கழிந்தது. கண்கள் எரிந்தன. திரையில் தெரிந்ததோ கூந்தல் அன்று, விளக்குமாறு!

அப்போது பெரிய மாமா வந்தார். இளமையில் அவர் ஒரு புகைப்பட நிலையத்தில் படங்களைத் திருத்தும் வேலை செய்தவர். திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“மனிதர் தலையில் ஏறத்தாழ 100,000 முடிகள் இருக்கும். அத்தனையையும் வரையப் போகிறாயா? நடராசர் செப்புச் சிலையைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? விரிந்த சடையைச் சிற்பி சில புரிகளாகத்தானே காட்டுகிறார்? மிச்சத்தை நம் கண்ணே நிரப்பிக்கொள்ளும். எதை வரைவது, எதை விடுவது என்று தெரிந்தால் போதும்” என்றார்.

அவர் சொன்ன முறைப்படி மீண்டும் தொடங்கினேன். முதலில், கூந்தல் முழுவதையும் ஒரே வடிவமாகக் கருதி அகன்ற தூரிகையால் நிரப்பினேன். அதற்குத் தனிக்கறுப்பு உதவாது. கறைபடாத முடிப்பகுதியிலிருந்தே நிறத்தை எடுத்துக்கொண்டேன். அடுத்து, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தேன். மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. எனவே, விளக்கு இடப்பக்கம் இருந்திருக்க வேண்டும். முடியின் மினுமினுப்பு முடி ஓடும் திசையில் நீளாது; தலையின் வளைவில், முடிக்குக் குறுக்கே ஒரு பட்டைபோல் விழும். அந்தப் பட்டையை இட்டவுடனே வெறும் கருமை கூந்தலாகத் தெரியத் தொடங்கியது. பிறகு, வகிட்டிலிருந்து கொண்டைவரை சில கற்றைகளைப் பிரித்துக் காட்டினேன். கடைசியாகத்தான் மெல்லிய இழைகள். அவையும் நெற்றியோரத்திலும் கூந்தலின் விளிம்பிலும் மட்டுமே. பழைய படத்தில் இருக்கும் மணல்போன்ற புள்ளிகளைக் கூந்தலிலும் தூவினேன். இல்லாவிட்டால் அது ஒட்டவைத்ததுபோல் தெரியும்.

“உங்கள் காலத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்தீர்கள் மாமா?” என்று கேட்டேன்.

“நெகட்டிவில் வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளிறியும் இருக்கும். அதன்மேல் கூரிய பென்சிலால் கோடு இழுத்தால், அச்சிட்ட படத்தில் அது வெண்மையாக விழும். முடியில் மினுமினுப்பு வேண்டுமென்றால் பென்சில். கருமை வேண்டுமென்றால் கத்திமுனையால் மேற்பூச்சை மெல்லச் சுரண்டுவோம். கை தவறினால் போயிற்று, திரும்பப் பெற வழியில்லை” என்றார்.

இன்று அந்த அச்சம் இல்லை. தாமஸ் நோல், ஜான் நோல் எனும் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. 1994இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் ‘அடுக்கு’ எனும் வசதி சேர்ந்தது. அடுக்கு என்பது படத்தின்மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்றது. அதில் வரைவதும் அழிப்பதும் அடியிலுள்ள படத்தைத் தொடாது.

வேலை முடிந்ததும் பாட்டியை அழைத்து வந்து காட்டினேன். அடர்ந்த, அலையலையான கூந்தல் பளபளத்தது. பாட்டி நெடுநேரம் பார்த்தார்.

“அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், இது என் அம்மா இல்லையே” என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது.

“அம்மா தினமும் எண்ணெய் தடவிப் படிய வாரி, கொண்டை போட்டுக்கொள்வார். நெற்றியோரம் ஒரு சுருள் மட்டும் என்ன செய்தாலும் அடங்காது. அதைத்தான் நான் பிடித்து விளையாடுவேன்.”

உடனே மூலப்படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். கறையின் ஓரத்தில், நெற்றியின்மேல், வளைந்த சிறுகோடு ஒன்று இருந்தது. முதல் நாள் அதைக் கீறல் என்று நினைத்து அழித்தவள் நான்தான்!

மூலப்படம் பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன். அந்தக் கோட்டை அப்படியே எடுத்துப் புதிய அடுக்கில் வைத்தேன். அது போகும் திசையிலேயே வகிடுவரை நீட்டினேன். அலைகளை நீக்கி, கூந்தலைத் தலையோடு படியச் செய்தேன். மறுநாள் பாட்டி பார்த்தார். எதுவும் சொல்லாமல் திரையிலிருந்த சுருளை விரலால் தொட்டார்.

படத்தை அச்சிட்டபோது மாமா ஒன்று சொன்னார்: “நம் ஜோர்ஜ்டவுன் 2008இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. இங்குள்ள பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கும்போது எஞ்சியிருப்பதை முதலில் காக்க வேண்டும். புதியதை அதன் பிறகே சேர்க்க வேண்டும். படத்துக்கும் அதுதான் முறை.”

மூலப்படத்தை ஈரம் படாத உறையிலிட்டு அலமாரியில் வைத்தோம். புதிய படத்தின் பின்புறத்தில் நான் இப்படி எழுதினேன்: “கூந்தல் கணினியில் வரையப்பட்டது. நெற்றிச் சுருளின் நுனி மட்டும் மூலப்படத்தில் உள்ளது.” எது புகைப்படக் கருவி கண்டது, எது என் கை வரைந்தது என்று எனக்குப் பின்னால் வருபவர்களுக்கும் தெரிய வேண்டும் அல்லவா?