மின்கலம் மூப்படைந்தால் கைப்பேசியே குப்பையா?



சென்ற மாதம் பள்ளி முடிந்ததும் மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். “டீச்சர், காலையில் முழுதாக மின்னேற்றினாலும் மதியமே கைப்பேசி அணைந்துவிடுகிறது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடையில் கேட்டேன். ‘பழையதற்கு எதற்குச் செலவு? புதிதே வாங்கிவிடு’ என்கிறார்கள். அது சரியா?” என்று கேட்டார்.

திரை, கேமரா, ஒலிபெருக்கி எல்லாம் நன்றாக இருந்தன. தளர்ந்தது மின்கலம் மட்டுமே. அவருடைய கேள்விக்கு விடை தேடுவதே இன்றைய பாடம்.

மின்கலம் ஏன் தளர்கிறது?

கைப்பேசியில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிராஃபைட் முனைக்குச் செல்கின்றன. பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. கிராஃபைட்டின் மேல் உருவாகும் மெல்லிய படலம் நாளடைவில் தடிக்கிறது. அதில் சிக்கிய லித்தியம் திரும்புவதில்லை. எனவே கொள்ளளவு குறைகிறது. வெப்பம் இதை விரைவுபடுத்தும்.

100 விழுக்காடு மின்சக்தியைச் செலவிடுவது ஒரு சுழற்சி. இன்று 50, நாளை 50 என்றாலும் ஒரு சுழற்சிதான். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்கு வரும் புதிய திறன்பேசிகளின் மின்கலம், 800 சுழற்சிகளுக்குப் பிறகும் குறைந்தது 80 விழுக்காடு கொள்ளளவுடன் இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு சுழற்சி என்றால் 800 ÷ 365 = ஏறத்தாழ 2.2 ஆண்டுகள். திரையும் செயலியும் அதைவிட நீண்ட காலம் உழைக்கக்கூடியவை. ஆகவே, மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றுவதுபோல, மின்கலம் மாற்றுவதும் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றே.

தடை எங்கே?

பல கைப்பேசிகளில் மின்கலம் பசையால் ஒட்டப்பட்டுள்ளது. கைப்பேசி மெலிதாக இருக்கப் பசை உதவும். ஆனால் கழற்றுவது கடினம். சில கருவிகளில் பாகத்தின் எண்ணை மென்பொருள் சரிபார்க்கும். வேறு பாகம் பொருத்தினால் எச்சரிக்கை காட்டும், அல்லது சில வசதிகளை முடக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் இத்தகைய பூட்டைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஆம் ஆண்டுப் பழுதுபார்ப்பு விதிகளை உறுப்பு நாடுகள் செயல்படுத்த வேண்டிய நாள் 2026 ஜூலை 31.

நம் நாட்டில்?

நம்மிடமும் ஒரு சட்டம் உண்டு. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின்படி, பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்கத் தயாரிப்பாளரும் விற்பனையாளரும் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் ‘நியாயமான காலம்’ எத்தனை ஆண்டு என்று அது எண்ணால் கூறவில்லை. மேலும், வாங்குவதற்கு முன்பே ‘இந்த வசதி கிடையாது’ என்று முறையாகத் தெரிவித்துவிட்டால் அந்த உத்தரவாதம் பொருந்தாது. அதனால் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்: மின்கலம் மாற்ற முடியுமா? உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? செலவு எவ்வளவு? விடையை எழுத்தில் பெறுங்கள். பின்னர்ச் சிக்கல் எழுந்தால், பெற்றோர் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் கோரிக்கை பதியலாம்.

செய்து பாருங்கள்

மாணவிக்கு நான் தந்த விடை ஒரு கணக்குதான்: செலவை, பயன்படும் ஆண்டுகளால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மின்கலம் மாற்ற 200 ரிங்கிட். மேலும் 2 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 100. புதிய கைப்பேசி 1,000 ரிங்கிட். 4 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 250. உங்கள் வீட்டுக் கைப்பேசிக்கு உண்மையான விலைகளைக் கேட்டு இதே கணக்கைப் போடுங்கள். மென்பொருள் பாதுகாப்பு மேம்பாடு நின்றுபோன கருவி என்றால் அதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை: உப்பிய மின்கலத்தை அழுத்தவோ, துளைக்கவோ, மின்னேற்றவோ கூடாது, தீப்பற்றும். வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.