‘கசக்காதே’ என்று சொல்வதை நிறுத்தினேன்

பங்குனி பிறந்தால் போதும், என் மகன் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவான். முதல்முறை அது வந்தபோது அவனுக்கு ஆறு வயது. இரண்டு கண்ணும் சிவந்து, நீர் வடிய, வெயிலில் நிமிர்ந்து பார்க்க முடியாமல் குனிந்த தலையோடு பள்ளியிலிருந்து வந்தான். மெட்ராஸ் ஐ என்று நினைத்து மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தேன்.

வீட்டில் வேறு யாருக்கும் ஒட்டவில்லை. அவனுக்கோ வாரக்கணக்கில் தீரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மெட்ராஸ் ஐ கிருமியால் வருவது. பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குத் தாவும், பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டும். அவனுக்கு வந்தது ஒவ்வாமை, அது யாருக்கும் ஒட்டாது. உறுத்தலைவிட அரிப்புதான் அதன் அடையாளம். என் மகனுக்கு வந்த பீளைகூட வெள்ளையாக, எடுத்தால் நூல் போல நீளும்.

தாய்ப்பால் விடலாம் என்றார் என் மாமியார். பக்கத்து வீட்டில் விளக்கெண்ணெய் என்றார்கள். எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம் என்று மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கொடுத்த சொட்டு மருந்தில் இரண்டே நாளில் கண் வெளுத்துவிட்டது. அதன்பிறகு சிவக்கும்போதெல்லாம் அதே மருந்துதான். காலி அட்டையைக் காட்டினால் சீட்டு இல்லாமலேயே புதியது கிடைத்தது. இப்படி இரண்டு கோடை ஓடின.

மூன்றாம் கோடையில் கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்றான். கண் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கண் அழுத்தம் 10 முதல் 21 வரை இருக்க வேண்டும். அவனுக்கு வலது கண்ணில் 34, இடது கண்ணில் 30. மருத்துவர் என் பையிலிருந்த பாட்டிலை வாங்கிப் பொடி எழுத்தைப் படித்தார். ‘டெக்ஸாமெத்தசோன்’ என்று இருந்தது.

“ஏம்மா, இதை யார் எழுதிக் கொடுத்தாங்க?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது ஸ்டீராய்டு. அரிப்பையும் சிவப்பையும் வேகமாக அடக்கும். மாதக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். அழுத்தம் இப்படி ஏறும்போது பெரும்பாலும் வலி இருக்காது என்பதுதான் என்னை இன்றும் நடுங்க வைக்கிறது. பார்வை நரம்பு கெட்டால் அதை மீட்க வழியில்லை. அவனுக்கு நரம்பு தப்பியிருந்தது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. நோய் முற்றிக் கருவிழியில் புண் வரும் நிலையில் மருத்துவர்களே அதைத் தருவார்கள், சில நாட்களுக்கு மட்டும், அழுத்தம் பார்த்துக்கொண்டே. அவனுக்கும் சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்துத்தான் விடுவித்தார்கள்.

மங்கலுக்குக் காரணம் வேறு. கசக்கிக் கசக்கிக் கருவிழியின் வளைவு கோணத் தொடங்கியிருந்தது. இது தொடர்ந்தால் கருவிழி மெலிந்து கூம்பு போலப் புடைத்துவிடும் என்றார் மருத்துவர். கண்ணை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் மாஸ்ட் செல்கள் என்று உண்டு. மகரந்தமோ தூசியோ பட்டால் அவை ஹிஸ்டமினை வெளியே கொட்டும், அதனால் அரிக்கும். கசக்கும்போது அந்த செல்கள் இன்னும் உடைந்து இன்னும் ஹிஸ்டமின் கொட்டும். ஒரு நிமிடம் சுகமாக இருந்து, பிறகு இரண்டு மடங்கு அரிப்பது இதனால்தான்.

இதைக் கேட்ட பிறகுதான் ‘கசக்காதே’ என்று அதட்டுவதை விட்டேன். அரிக்கிற பிள்ளையிடம் அந்தச் சொல்லுக்கு எந்தப் பயனும் இல்லை, கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். சுத்தமான துணித் துண்டுகளை நனைத்து, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். அரித்தால் ஓடிப்போய் எடுத்து, மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வைத்துக்கொள்வான். பனிக்கட்டியை நேராக வைக்கக் கூடாது. கண் ஈரத்துக்கான சொட்டு மருந்தையும் குளிரவைத்து விடுவேன், ஒட்டியிருக்கும் தூசி கழுவிக்கொண்டு போகும். மோசமான நேரம் விடியற்காலை. தூக்கத்தோடு முஷ்டியால் தேய்ப்பான். ஒரு மாதம் அவன் எழும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒவ்வாமைக்கான ஓலோபட்டடின் சொட்டு மருந்தை இப்போது மருத்துவர் சொன்னபடி மாசியிலேயே தொடங்கிவிடுகிறோம். ஒரு வேளைக்கு ஒரு சொட்டு போதும், கண்ணில் அதற்குமேல் நிற்காது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்தச் சொல்வேன். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. பாட்டிலைத் திறந்த தேதியை அதன்மேலேயே எழுதி, ஒரு மாதத்தில் எறிந்துவிடுகிறேன்.

வீட்டில் பெருக்குவதைக் குறைத்து ஈரத்துணியால் துடைக்கிறோம், தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைக்கிறோம். வெளியே போனால் தொப்பியும் கண்ணாடியும் உண்டு. விளையாடிவிட்டு வந்ததும் முகம் கழுவுவான். மைதானத்தை ஒட்டிப் பார்த்தீனியம் மண்டிக்கிடக்கிறது, அந்தப் பக்கம் போகாமல் விளையாடுகிறார்கள்.

இந்த நோய் ஆண் பிள்ளைகளுக்கே அதிகம் வருகிறது, பெரும்பாலும் பதின்வயதில் தானாக அடங்கும் என்றார்கள். அதுவரை கண்ணைக் காப்பாற்றிக் கொடுப்பதே எங்கள் வேலை. கண் திறக்க முடியாத வலி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, திடீர் மங்கல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

சென்ற முறை பார்த்தபோது இரண்டு கண்ணிலும் அழுத்தம் 16. கருவிழி வளைவு கூடவில்லை. அந்த வளைவைப் பார்க்க அடுத்த படம் ஆடியில் எடுக்க வேண்டும்.