குளிர்பெட்டியில் எத்தனை குப்பிகள்?

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திண்ணையில் கைக்குழந்தைகளுடன் தாய்மார்கள் அமர்ந்திருக்கிறார்கள். செவிலியர் குளிர்பெட்டியைத் திறக்கிறார். பென்டாவேலன்ட் மருந்து ஒரு குப்பிகூட இல்லை. "அடுத்த வாரம் வாங்கம்மா" என்கிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்த தாய் அடுத்த வாரமும் வருவாள் என்பது என்ன நிச்சயம்?

"நிறைய வாங்கி அடுக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது" என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் தடுப்பூசி மருந்து அரிசி மூட்டை அன்று. அது 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையுள்ள குளிரிலேயே இருக்க வேண்டும். வெப்பம் கூடினால் வீரியம் குறையும். குளிர் மிகுந்து உறைந்துபோனாலும் பென்டாவேலன்ட் கெட்டுவிடும். அதிலுள்ள அலுமினிய உப்புத் துகள்கள் திரண்டுவிடுவதே காரணம். குளிர்பெட்டியை இடைவெளியின்றி நிரப்பினால் குளிர்காற்று சுற்றிவர வழியிருக்காது. காலாவதி நாளும் ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே அளவுக்கு மேல் கிடக்கும் குப்பிகள் வேறோர் ஊரில் இல்லாமற்போன குப்பிகளாகவும் இருக்கலாம்.

ஆகவே கையிருப்புக்குக் கீழே ஒரு கோடும் மேலே ஒரு கோடும் தேவை. இவற்றைக் குத்துமதிப்பாக இழுப்பவர்களே மிகுதி. ஆனால் பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் போதும், நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

முதலில் செலவைப் பார்ப்போம். நம் நிலையத்தின் எல்லைக்குள் 30,000 மக்கள் வாழ்கிறார்கள், ஆண்டுக்கு 460 குழந்தைகள் பிறக்கின்றன என்று கொள்வோம். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, ஹெபடைட்டிஸ்-பி, ஹிப் கிருமி நோய்கள் ஆகிய ஐந்தையும் தடுப்பது பென்டாவேலன்ட். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது முதலில் அறிமுகமாயிற்று. குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் மூன்று முறை போட வேண்டும். 460-ஐ 3-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 1,380 டோஸ். வாரத்துக்கு ஏறக்குறைய 27. வீணாவதற்கும் சிறிது சேர்த்து 30 டோஸ் என்று வைப்போம். ஒரு குப்பியில் 10 டோஸ் இருப்பதால் வாரம் 3 குப்பிகள். இது சராசரி மட்டுமே. கூட்டமான வாரத்தில் 4 குப்பிகள் செலவாகலாம். மழை கொட்டும் வாரத்தில் 2 போதும்.

அடுத்தது காத்திருப்பு. மருந்து வேண்டுமென்று எழுதியனுப்பிய நாளுக்கும் வண்டி வந்து இறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் இது. வழக்கமாக 2 வாரம், விரைவில் வந்தால் 1 வாரம், தாமதமானால் 3 வாரம் என்று கொள்வோம்.

மருந்து தீர்ந்த பிறகு எழுதியனுப்பினால் காத்திருக்கும் காலம் முழுவதும் குளிர்பெட்டி காலி. ஆகவே கையில் இருக்கும்போதே எழுத வேண்டும். எத்தனை குப்பி இருக்கும்போது? கூட்டமும் மிகுந்து வண்டியும் தாமதித்தால் 4 × 3 = 12 குப்பிகள் தேவைப்படும். எனவே இருப்பு 12-ஐத் தொட்ட அன்றே எழுதிவிட வேண்டும். இதற்கு மறு ஆணை நிலை என்று பெயர்.

வீட்டில் இரண்டு சமையல் எரிவாயு உருளை வைத்திருப்பவர்கள் இதையே பெயர் தெரியாமல் செய்கிறார்கள். ஒன்று தீர்ந்து மற்றதை மாட்டிய அன்றே பதிவு செய்கிறார்கள். இரண்டாவது உருளைதான் அவர்களது மறு ஆணை நிலை!

வழக்கமான செலவும் வழக்கமான காத்திருப்புமாக இருந்தால், வண்டி வருவதற்குள் 3 × 2 = 6 குப்பிகள் தீரும்; 12 − 6 = 6 மிஞ்சும். இந்த 6 தான் குறைந்தபட்ச இருப்பு. இருப்பு இதற்குக் கீழே போகவே கூடாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. நெருக்கடிக்காகவே அந்த 6 குப்பிகள் வைக்கப்பட்டுள்ளன. நெருக்கடியில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கோட்டைத் தாண்டியதும் தொலைபேசியில் வண்டி எங்கே என்று விசாரிக்க வேண்டும்.

இனி மேல்கோடு. ஒரு முறைக்கு நான்கு வாரத் தேவையான 12 குப்பிகளை வரவழைப்பதாகக் கொள்வோம். இருப்பு 12 ஆனபோது எழுதுகிறோம். அந்த வாரம் மழை. 2 குப்பிகளே செலவு. வண்டியோ ஒரே வாரத்தில் வந்து நிற்கிறது. 12 − 2 + 12 = 22. இதுவே அதிகபட்ச இருப்பு.

இங்கேதான் சிக்கல். ஒரு மாதத் தேவையும் அதில் கால் பங்கும் சேர்த்து, அதாவது 12 + 3 = 15 குப்பிகளுக்கு மேல் வைக்கக் கூடாது என்று நம் நிலையத்தில் விதி இருப்பதாகக் கொள்வோம். கணக்கு 22 என்கிறது. விதி 15 என்கிறது. கணக்கு தவறா? இல்லை. விதியைத் தளர்த்தி இன்னொரு குளிர்பெட்டி வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் நோய் வேறிடத்தில் இருக்கிறது.

காத்திருப்பைப் பாருங்கள். 1 வாரம், 2 வாரம், 3 வாரம் என்று அது ஊசலாடுகிறது. வாரந்தோறும் குறித்த கிழமையில் வண்டி வரும், எழுதினால் தவறாமல் ஒரு வாரத்தில் மருந்து கிடைக்கும் என்று ஏற்பாடு செய்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மறு ஆணை நிலை 4 × 1 = 4. குறைந்தபட்ச இருப்பு 4 − 3 = 1. அதிகபட்ச இருப்பு 4 − 2 + 12 = 14. விதிக்குள் அடங்கிவிட்டது! தடுப்பூசி போடும் குழந்தைகளின் எண்ணிக்கை குறையவில்லை, குளிர்பெட்டியும் மாறவில்லை. வண்டிக்கு நாள் குறித்தது மட்டுமே மாற்றம். கையிருப்பில் பெரும்பகுதி நோய்க்காக வாங்கப்படுவதன்று. வண்டியின் மீதுள்ள அவநம்பிக்கைக்காக வாங்கப்படுவது என்றே நான் கூறுவேன்.

ஒரு முறைக்கு 12 குப்பிகள் என்று கொண்டோமே, அது தனிக் கணக்கு. அடிக்கடி வரவழைத்தால் வண்டிச் செலவு. மொத்தமாக வரவழைத்தால் பாதுகாக்கும் செலவு. இரண்டின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் அளவைக் காண, அமெரிக்கரான ஃபோர்ட் ஹாரிஸ் 1913-இல் ஒரு வர்க்கமூலச் சூத்திரம் தந்தார். அதை வேறொரு சமயம் பார்க்கலாம்.

செலவுக் கணக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. அனுபவசாலிகளும் அதில் விழுகிறார்கள். நான்கு வாரங்களில் முதல் இரண்டு வாரம் 3 குப்பிகள் வீதம் செலவாயின. பிறகு மருந்து தீர்ந்துவிட்டது. பதிவேட்டில் 3, 3, 0, 0 என்று இருக்கும். மாதக் கடைசியில் சராசரி எடுப்பவர் 6-ஐ 4-ஆல் வகுத்து, "வாரத்துக்கு ஒன்றரைக் குப்பி போதும்" என்று எழுதிவிடுவார். பற்றாக்குறையே தேவைக் குறைவாக வேடமிட்டு வந்துவிட்டது! இதை நம்பி 4 வாரத்துக்கு 6 குப்பிகளே வரவழைத்தால், அடுத்த மாதமும் இரண்டாம் வாரத்தோடு குளிர்பெட்டி காலியாகும். மறுபடியும் அதே சராசரி, அதே 6 குப்பிகள்.

இருப்பு இருந்த வாரங்களை மட்டும் எடுத்து வகுத்தால் 6 ÷ 2 = 3 என்ற உண்மை வெளிவரும். இன்று இக்கணக்குகள் கைப்பேசிக்கும் வந்துவிட்டன. இந்தியாவில் 2015-இல் தொடங்கிய ‘ஈவின்’ ஏற்பாட்டில் குப்பிகளின் இருப்பும் குளிர்பெட்டியின் வெப்பநிலையும் மின்னணு முறையில் பதிவாகின்றன. ஆயினும் மருந்தில்லாத புதன்கிழமை எத்தனை குழந்தைகள் வந்து திரும்பின என்பதை எந்தக் குப்பியும் சொல்லாது. செவிலியர் தம் பதிவேட்டில் அந்த நாளுக்கு எதிரே, செலவு 0 என்பதன் பக்கத்தில், "திரும்பிச் சென்றவர்கள் 26" என்று எழுதி வைத்தால்தான் அடுத்த மாதக் கணக்கில் அந்த 26 குழந்தைகளும் இடம்பெறுவார்கள்.