ஒலிக் கருவிக்கு மாற்று அடாப்டர்: வாங்குமுன் அறிய வேண்டுவன

மகாசபைக் கூட்டத்திற்கும் விழாக்களுக்கும் பயன்படும் பொருட்டுப் பல சங்கங்கள் ஒலிபெருக்கியோடு, குரலுக்கு எதிரொலி சேர்க்கும் எக்கோ கருவியும் வாங்கி வைத்திருக்கின்றன. அண்மையில் ஒரு சங்கத்தை ஆய்வு செய்தபோது, சாமான் பதிவேட்டில் இக்கருவிக்கு எதிரே "பழுது" என்று எழுதியிருக்கக் கண்டேன். காரணம் கேட்டேன். பழைய அடாப்டர் காணாமற் போகவே, அலுவலகத்து இணையக் கருவியின் அடாப்டரைச் செருகினார்களாம். முனை பொருந்தியது, கருவியோ கருகியது. முனை பொருந்துவதால் மின்சாரமும் பொருந்திவிடாது என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

அடாப்டர் என்பது 230 வோல்ட் மின்சாரத்தைக் கருவிக்கு ஏற்ற சிறு அளவாகக் குறைத்துத் தருவது. மாற்று அடாப்டர் வாங்குமுன் கருவியின் அடிப்புறத்தில் அச்சிட்டுள்ளவற்றை நான்கு வகையில் ஒப்பிடல் வேண்டும்.

முதலாவது, வோல்ட். இது மேல்நிலைத் தொட்டியின் உயரம் போன்றது. கருவி கேட்பது 9 வோல்ட் எனில் 9 வோல்ட்டே தர வேண்டும். 12 வோல்ட் தந்தால் உள்ளுறுப்புகள் கெடக்கூடும்.

இரண்டாவது, மின்வகை. நேர்கோடும் அதன்கீழ்ப் புள்ளிக்கோடும் இருப்பின் டி.சி.; அலைக்கோடு இருப்பின் ஏ.சி. பெரும்பாலான எக்கோ கருவிகள் டி.சி. வகையே; சில மட்டும் ஏ.சி. கேட்பன. ஒன்றிற்கு மற்றொன்று ஆகாது.

மூன்றாவது, முனையின் துருவம். வட்டத்தின் நடுப்புள்ளி கூட்டல் குறியோடு இணைந்ததா, கழித்தல் குறியோடு இணைந்ததா என்று பார்க்க. கிதார் போன்ற வாத்தியங்களுக்கான சிறு கருவிகளில் நடுப்புறம் கழித்தலாக இருப்பதே வழக்கம். இணையக் கருவிகளிலோ பெரும்பாலும் கூட்டல். முற்கூறிய சங்கத்தில் வோல்ட்டும் மிகுந்தது, துருவமும் மாறியது.

நான்காவது, மில்லி ஆம்பியர். இது குழாய் தரவல்ல நீரின் அளவு போன்றது. வயல் தனக்கு வேண்டிய நீரையே ஏற்கும். ஆகவே அடாப்டரின் அளவு கூடுதலாயிருப்பதால் தீங்கில்லை. குறைந்தால் அடாப்டர் சூடேறும். ஒரே வோல்ட்டும் துருவமும் உடைய மூன்று கருவிகள் முறையே 20, 100, 280 கேட்குமாயின் மொத்தம் 400. எனவே 500 மில்லி ஆம்பியர் அடாப்டர் வாங்குவது நலம்.

முனையின் குறுக்களவையும் மறக்கலாகாது. வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டரே ஆயினும் உள்துளை 2.1, 2.5 என இருவகை உண்டு. துளை பெரிதானால் இணைப்பு தளர்ந்து ஒலி விட்டுவிட்டு வரும்.

விலை மலிவு கருதி முத்திரையற்ற அடாப்டரை வாங்குதல் பெருந்தவறு. உட்காப்பு பழுதானால் 230 வோல்ட் மின்சாரம் கருவி வழியே ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் கையை எட்டிவிடும். அடாப்டரின் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பார்த்து, ரசீதுடன் வாங்குக. புதிய அடாப்டரை முதலில் மல்டிமீட்டரால் சோதித்த பின்னரே கருவியில் செருகுக.

இறுதியாக, எந்த அடாப்டர் எந்தக் கருவிக்கு உரியதென்று சீட்டு எழுதி ஒட்டி, சாமான் பதிவேட்டிலும் குறித்து வையுங்கள். எக்கோ கருவி அனைவரின் பங்குப் பணத்தில் வாங்கிய பொதுச் சொத்து. ஒரு சீட்டை ஒட்டும் சிரமம், அதை மீண்டும் வாங்கும் செலவைத் தவிர்க்கும்.