நடுக்களத்துக் கேப்டனுக்கு

செகந்திராபாத்

அன்புள்ள கயல்,

மெல்போர்னில் உன் பள்ளியின் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து அணிக்கு நீ கேப்டன் ஆனதை அண்ணன் சொன்னார். நடுக்களத்தில் ஆடிக்கொண்டே அணியை நடத்துவது எப்படி என்று கேட்டாயாம். அதற்கு எங்கள் ஹைதராபாத்காரர் ஒருவரைத்தான் காட்டுவேன்: சையத் அப்துல் ரஹீம்.

பள்ளி ஆசிரியராக இருந்து கால்பந்து (சாக்கர்) கோச் ஆனவர். அவரிடம் பயின்ற ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவருடைய இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி, இறுதியில் 4ஆம் இடம் பிடித்தது. நீ ஆடும் விளையாட்டும் அந்த ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்தது.

ஹைதராபாத்தில் ரஹீம் விதவிதமான போட்டிகள் வைப்பார். ஒன்றில் பழகாத காலால் மட்டுமே உதைக்கலாம். இன்னொன்றில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடக் கூடாது. வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும். அப்படி ஆடுகிறவன், பந்து வருமுன்பே யார் எங்கே நிற்கிறார் என்று பார்த்து வைத்தாக வேண்டும். நடுக்கள ஆட்டத்தின் அடிப்படையே அந்தப் பார்வைதான்.

ஹங்கேரி அணியின் ஒரு உத்தியையும் அவர் எடுத்துக்கொண்டார். நடு முன்கள வீரர் நடுக்களத்துக்கு இறங்கி வருவார். அவரைக் காவல் காப்பவர் பின்தொடர்ந்தால், விட்டுவந்த இடம் வெற்றிடமாகும். அதில் சகவீரர் பாய்வார்.

உன் ஆட்டத்திலும் யார் எங்கே நிற்கிறார் என்பதே முக்கியம். மையத்தில் நடுவர் பந்தை எழுப்பும்போது சதுரத்துக்குள் அணிக்கு 4 பேர்தானே? ரக் ஆட்டக்காரி உயரத்தில் தட்டிவிடுவாள். மீதி மூவரும் பந்தின் மேலேயே விழுந்தால் வெளியே வாங்க ஆளிருக்காது. ஒருத்தி பந்தை எடுக்கட்டும். ஒருத்தி விலகி நின்று வாங்கட்டும். ஒருத்தி பின்னால் நின்று உங்கள் கோலைக் காக்கட்டும். இதைப் பந்து எழும்பும் முன்பே முடிவு செய்வது கேப்டனின் வேலை.

ஆளறிந்து இடம் மாற்றுவதையும் ரஹீமிடமே பார்க்கலாம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. பிறகு தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போட்டார்கள். ரஹீம் அவரை முன்களத்துக்கு மாற்றினார். அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் கோல் அடித்தார். இறுதியில் அதே தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கியது இந்தியா. அந்த அணியில் செகந்திராபாத் அம்முகுடாவின் துளசிதாஸ் பலராமும் இருந்தார். அப்போதே புற்றுநோயால் அவதிப்பட்ட ரஹீம் 1963 ஜூனில் காலமானார்.

தன் அணியில் யாரால் எது முடியும் என்று அறிந்து, அவரை நம்பி அந்த இடத்தில் நிறுத்துவதே தலைமை. உன் தோழிகள் ஒவ்வொருத்தியின் ஆட்டத்தையும் உற்றுப் பார், கயல். நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு கட்டளையிடு.

அன்புடன்,
அத்தை