மழைக்கு முன்னால் இருபது நாள்

ஆயுத பூசை முடிந்து, தெருவில் கார்கள் எல்லாம் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன. பானெட்டில் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம், வைப்பரில் செருகிய சாமந்தி. பம்பரில் கட்டிய வாழைக்கன்று மட்டும் தலை தொங்கிவிட்டது. பார்க்க அழகுதான். ஆனால் பொட்டு வைத்து மூன்று நாள் ஆகிவிட்டதென்றால், இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாகக் கீழே போய் அதை எடுத்துவிடுங்கள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த பழைய குங்குமம் கொஞ்சம் இரக்கம் காட்டும். இப்போது பாக்கெட்டில் வருவதில் பெரும்பாலும் சாயம்தான். வெயிலில் சூடேறி, இரவுப் பனியில் நனைந்து, மறுபடி சூடேறினால் வெள்ளைக் காரில் ரோஸ் நிற வட்டம் நிலையாகத் தங்கிவிடும். அதற்காக நகத்தால் சுரண்டக் கூடாது. காய்ந்த சந்தனமும் விபூதியும் பெயின்ட்டுக்கு நைஸான மணல்தாள் மாதிரி. பழைய பனியன் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, பிழியாமல், பொட்டின்மேல் பத்து நிமிடம் போட்டுவைத்தால் ஊறி அதுவாகக் கழன்று வரும். பிறகு ஒரு மக் தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். மிச்சம் இருக்கும் சிவப்புக்கு, காரின்மேல் அடித்துத் துடைக்கும் திரவமான ஸ்ப்ரே டீடெய்லரை இரண்டு அடி அடித்து, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். மஞ்சள் கறை கொஞ்சம் தங்கினாலும் பயமில்லை. வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள் வெயிலில் காயப்போட்டால் போய்விடும் என்று வீட்டில் சொல்வார்களே, காருக்கும் அதே கதைதான். சக்கரத்தடியில் நசுக்கிய எலுமிச்சையின் சாறு அலாய் வீலில் தெறித்திருந்தால் அதையும் தண்ணீர் விட்டு அலம்பிவிடுங்கள். அது அமிலம்.

தீபாவளிக்கு இன்னும் இருபது நாள்கூட இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் தேதி அக்டோபர் 20. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். காரின் பெயின்ட்டுக்கு ஏதாவது செய்வதாக இருந்தால் அது இந்த இடைவெளியில்தான். மழை பிடித்துக்கொண்டபின் காயவைக்கக்கூட நேரம் கிடைக்காது.

கையில் ஒரு பாட்டில் ஸ்ப்ரே டீடெய்லர் இருந்தால் பாதி வேலை சுலபம். ஆன்லைனில் பல பெயர்களில் கிடைக்கிறது, சென்னை ஜி.பி. ரோடு பக்கம் போனால் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டும் வாங்கலாம். இதில் பழம்பெயர் மெகுவையர்ஸ். 1901இல் அமெரிக்காவில் மரச்சாமான் பாலிஷ் செய்து விற்கத் தொடங்கிய குடும்பம் அது. 2008இல் 3எம் அதை வாங்கிக்கொண்டது. பெயரைச் சொன்னதால் அதைத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. சில நூறு ரூபாய்க்கு வரும் உள்ளூர்ச் சரக்கும் இந்த வேலையைச் செய்துவிடும். ஒரு காருக்கு ஒரு தடவைக்கு 40, 50 மில்லிக்கு மேல் தேவைப்படாது.

பாட்டிலுக்குள் இருப்பதில் பெரும்பகுதி தண்ணீர். அதில் தூசியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் சோப்பு வகைப் பொருள் கொஞ்சம், வழுவழுப்பு தரும் பாலிமர் கொஞ்சம், பளபளப்புக்குச் சிலிக்கோனோ மெழுகோ துளி. சிலவற்றில் கார்நௌபா மெழுகு இருக்கும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுப்பது அது. நம் ஊர்ப் பனைக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

இதில் உண்மையான சமாச்சாரம் பளபளப்பு இல்லை, வழுவழுப்பு. காரின் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லிசு. உலர்ந்த துணியால் தூசியைத் துடைக்கும்போது அந்தத் தூசியிலிருக்கும் மணல் அந்தப் படலத்தில் கோடு போடுகிறது. நிழலில் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி பெட்ரோல் பங்க்கின் விளக்கடியில் காரை நிறுத்திப் பாருங்கள்: விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியிருந்தால், அவ்வளவும் துடைத்துத் துடைத்தே நாமே போட்ட கீறல். டீடெய்லர் செய்வது துணிக்கும் மணலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் வழுக்கும் ஒரு படலத்தைப் போடுவதுதான். மினுமினுப்பு அதன் உபரி வருமானம்.

அதனால்தான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது கவசம் இல்லை. அடித்தால் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் நிற்கும். நாலு நல்ல மழை அடித்தால் அதுவும் போச்சு. நான் கார் வாங்கியபோது விற்பனையாளர் ஒரு கோட்டிங்கையும் சேர்த்துத் தலையில் கட்டினார். ஐந்து வருஷத்துக்குக் கையே வைக்க வேண்டாம் என்றார். முதல் ஐப்பசி முடிவதற்குள் பானெட்டில் வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர்ப் பொட்டு. அன்றிலிருந்து 'கையே வைக்க வேண்டாம்' என்று விற்கப்படும் எதையும் நான் நம்புவதில்லை.

இந்த வாரமே, முதல் மழைக்கு முன்பாக, காரை ஒருமுறை முறையாகக் கழுவி, ஒரு கோட் வாக்ஸோ சீலன்ட்டோ போட்டுவிடுங்கள். டீடெய்லர் அதற்கு மேல்பூச்சு. அடியில் ஒன்றுமே இல்லாமல் மேல்பூச்சு மட்டும் அடித்துக்கொண்டிருப்பது கஞ்சி போட்ட சட்டைக்குள் பனியன் போடாத மாதிரி. வெளியே தெரியாது, வியர்த்தால் தெரிந்துவிடும்.

கழுவும்போது கடைசி அலசலுக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காய்ந்த இடமெல்லாம் கால்சியம் வட்டம் வட்டமாக உட்காரும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைக் காருக்கு ஊற்றும் சிக்கனக்காரர்கள் எங்கள் குடியிருப்பிலும் உண்டு. வடிகட்டியில் கழிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. சக்கரத்துக்கும் தரைக்கும் ஊற்றலாம், பெயின்ட்டுக்கு வேண்டாம். அதற்குப் பதில், ஸ்பிளிட் ஏசியின் குழாயில் சொட்டுகிறதே, அதை வாளியில் பிடியுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவதால் அதில் உப்பு அநேகமாக இல்லை. துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொண்டால் பொட்டு விழாது.

சரி, டீடெய்லர் அடிக்கும் விதம். கார் நிழலில் நிற்க வேண்டும். புறங்கையைப் பானெட்டில் வைத்தால் சூடு தெரியக் கூடாது. சூட்டில் அடித்தால் துடைப்பதற்குள் காய்ந்து திட்டுத்திட்டாகப் படியும். பிறகு அதைப் போக்கத் தனியாக மெனக்கெட வேண்டும். மைக்ரோஃபைபர் துணி இரண்டு வேண்டும். ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளை முதலில் வெட்டி எறியுங்கள், அதுவே கீறும். துணியை நாலாக மடித்தால் முன்னும் பின்னும் சேர்த்து எட்டுப் பக்கம் கிடைக்கும். மேற்கூரையிலிருந்து தொடங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு இரண்டு மூன்று அடி போதும். துணியின் கனமே அழுத்தமாக இருக்கட்டும். நேர்க்கோட்டில் ஒரே திசையில் இழுங்கள். ஒரு பக்கம் அழுக்கானதும் திருப்புங்கள். அடுத்த துணியால் லேசாக ஒரு துடைப்பு. அவ்வளவுதான். வட்டம் வட்டமாகத் தேய்ப்பது தோசைக்கல்லுக்குச் சரி.

கதவின் கீழ்ப்பாதி, பின் பம்பர், சக்கர வளைவு இவை கடைசி. அங்கே துடைத்த துணியை மறுபடி பானெட்டுக்குக் கொண்டுவராதீர்கள். துணி தவறிக் கீழே விழுந்துவிட்டால் அன்றைக்கு அதன் வேலை முடிந்தது. துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி கண்டிஷனர் எதுவும் வேண்டாம்; இழைகள் வழுக்கிப்போய்த் தண்ணீரை உறிஞ்சாது. பனியன் வேஸ்ட், சிக்னலில் விற்கும் மஞ்சள் துணி, மெழுகு நாற்றமடிக்கும் நூல் டஸ்டர் இவற்றை எல்லாம் டிக்கியிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அடிக்கக் கூடாத இடங்களும் உண்டு. முதலாவது, முன்கண்ணாடி. அதில் படிந்த சிலிக்கோனை வைப்பர் இழுத்துப் பரப்பினால், மழை ராத்திரியில் எதிரே வரும் பஸ்ஸின் விளக்கு கண்ணாடி முழுக்கச் சிதறும். பிரேக் டிஸ்க்கிலும் டயரின் ஓடுதளத்திலும் படவே கூடாது. மேட் ஃபினிஷ் காருக்குப் பளபளப்புச் சரக்கு ஆகாது, அதற்கென்று தனியாக விற்கிறார்கள். டிங்கரிங் முடித்துப் புதிதாகப் பெயின்ட் அடித்த கதவுக்கு ஒரு மாதமாவது மெழுகோ சிலிக்கோனோ காட்டாதீர்கள். அதேபோல் டிங்கரிங்குக்கு விடப் போகிறீர்கள் என்றால், சிலிக்கோன் உள்ள சரக்கு அடித்திருப்பதைப் பெயின்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். துளி சிலிக்கோன் மிச்சமிருந்தாலும் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும்.

மண்ணெண்ணெயும் டீசலும் தொட்டுத் துடைக்கும் பழைய டிரைவர் வைத்தியம் இன்னும் நடக்கிறது. மினுக்கும், மறுப்பதற்கில்லை. அந்தி சாய்வதற்குள் ரோட்டுப் புழுதி அத்தனையும் அதில் ஒட்டியிருக்கும். போட்ட வாக்ஸையும் அது கரைத்துக்கொண்டு போயிருக்கும்.

மழை தொடங்கியபின் வேறு கணக்கு. 'மழையே கழுவிவிட்டது' என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். முதல் மழை காற்றிலிருக்கும் தூசியையும் புகைக்கரியையும் இறக்கிக் காரின்மேல் போட்டுவிட்டுப் போகிறது. அடுத்து வெயில் சுள்ளென்று அடித்தால் அது அப்படியே முத்திரை குத்திவிடும். மழை விட்டதும், கார் ஈரமாக இருக்கும்போதே, பானெட்டுக்கு ஒன்று, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்று என்று டீடெய்லர் அடித்து, அகலமான உலர்த்தும் துண்டை விரித்து இழுத்துவிடுங்கள். தண்ணீரும் போகும், மேல்பூச்சும் விழும். ஆனால் சேறு தெறித்த கீழ்ப்பாதிக்கு இது ஆகாது. அங்கே பாட்டிலை வைத்துவிட்டு வாளியைத்தான் எடுக்க வேண்டும். ஈரக் காரின்மேல் கவர் போடாதீர்கள். உள்ளே புழுங்கும், காற்றில் கவர் ஆடும்போது அடியிலிருக்கும் மணல் தேய்க்கும்.

தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துபவர்களுக்குக் காக்கை எச்சம் தினசரிப் பாடு. அதிலிருக்கும் யூரிக் அமிலம் வெயில் ஏற ஏற கிளியர் கோட்டைக் கடித்துத் தடம் போட்டுவிடும். பார்த்தவுடன் எடுக்க வேண்டும், ஆனால் துடைத்து எடுக்கக் கூடாது. எச்சத்தில் மணலும் விதையும் இருக்கும். டிஷ்யூ பேப்பரில் டீடெய்லரைச் சொட்டச்சொட்ட அடித்து, எச்சத்தின்மேல் இரண்டு நிமிடம் போர்த்தி, கிள்ளி எடுப்பதுபோல் தூக்கிவிடுங்கள். இதற்காகவே ஒரு சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிக் கதவுப் பையில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் பரவாயில்லை, பங்குனி, சித்திரையில் காருக்குள் வைத்தால் அந்தச் சூட்டில் சரக்கு திரிந்துவிடும்.

தீபாவளி ராத்திரி நைலான், பிளாஸ்டிக் கவர்களைக் கழற்றிவிடுங்கள். ஒரு புஸ்வாணத் தீப்பொறி விழுந்தால் கவர் உருகிப் பெயின்ட்டில் ஒட்டும். பற்றிக்கொண்டால் காரே போகும். இடம் கிடைத்தால் தெருவிலிருந்து உள்ளே தள்ளி நிறுத்துங்கள். மறுநாள் காலை காரின்மேல் சாம்பல் நிறப் பொடி படிந்திருக்கும். கந்தகமும் உப்பும் கரியும் கலந்த வெடிமருந்து மிச்சம், கூடவே காகிதத் துகள். பனியில் நனைந்து லேசாக ஊறியும் இருக்கும். எழுந்த கையோடு துணியை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவியபிறகுதான் துணி.

இன்னொரு விஷயம், பெயின்ட்டைப் பற்றியதில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். தாழ்வான இடத்தில் இருப்பவர்களுக்கு அந்த முன்யோசனை எந்தப் பாலிஷைவிடவும் பெரியது. கார் தரைவிரிப்பு வரை தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒருவரைப் பற்றி. நம்மில் பலருடைய காரைத் துடைப்பவர் நாமில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு வாளி, ஒரு துணியோடு வந்து, வரிசையில் நிற்கும் பத்துப் பன்னிரண்டு காரையும் ஆறரைக்குள் முடித்துவிட்டுப் போகிறவர் அவர். பக்கத்துக் காரின் சேறு அதே தண்ணீரில் நம் காருக்கு வருகிறது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளம் கொடுக்கும் நாம் யாருமே அவருக்கு இரண்டாவது துணி வாங்கித் தந்ததில்லை. இந்தத் தீபாவளிக்கு இனாமோடு சேர்த்து நாலு மைக்ரோஃபைபர் துணியும் ஒரு பாட்டில் டீடெய்லரும் அவர் கையில் கொடுங்கள். எப்படி அடிப்பதென்று ஒருநாள் பக்கத்தில் நின்று காட்டுங்கள். அவருடைய பழைய துணியை வாங்கிச் சக்கரம் துடைக்க வைத்துக்கொள்ளலாம்.